சவ்வு இல்லாத துளியை செல் என்று சொல்லலாமா? – கோஅசர்வேட், செயற்கை செல்: விவாத இழை

#1 நீலமணி

வணக்கம். பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தில் ஸ்டீபன் மான் குழுவினர் 2022-இல் நேச்சர் இதழில் வெளியிட்ட ஆய்வை இப்போதுதான் விரிவாகப் படித்தேன். பாக்டீரியாக்களைத் திரவத் துளிகளுக்குள் சிக்கவைத்து, அங்கேயே உடைத்து, உள்ளிருந்து கொட்டிய சரக்கை வைத்தே ஒரு செயற்கை செல்லைக் கட்டியிருக்கிறார்கள். படித்ததிலிருந்து மனதை விட்டுப் போகவில்லை.

செல் படம் வரையச் சொன்னால் நாம் எல்லோரும் முதலில் சவ்வைத்தான் வரைவோம், அப்புறம்தான் உட்கரு. கோஅசர்வேட் எனப்படும் இந்தத் துளிகளோ சவ்வு இல்லாமலே தொடங்குகின்றன. சவ்வு இல்லாமல் அது எப்படிக் கரையாமல் இருக்கிறது? கொழுப்புச் சவ்வாலான லிப்போசோம் ஏற்கெனவே இருக்கும்போது இந்த வழி எதற்கு? கடைசியாக, இதை செல் என்று சொல்வது சரிதானா? தெரிந்தவர்கள் கொஞ்சம் விளக்கமாகவே எழுதுங்கள், நீளமாக இருந்தாலும் பரவாயில்லை.

#2 துளிநோக்கி

பாலிமர் கரைசல்கள்தான் என் அன்றாட வேலை. அதனால் முதல் கேள்வியை நான் எடுத்துக்கொள்கிறேன்.

தண்ணீரில் மிதக்கும் எண்ணெய்த்துளியோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். இங்கே துளிக்குள்ளும் தண்ணீர்தான், வெளியிலும் தண்ணீர்தான். நேர்மின்சுமை உள்ள நீண்ட மூலக்கூறு ஒன்று, எதிர்மின்சுமை உள்ள மூலக்கூறு இன்னொன்று. இரண்டையும் தண்ணீரில் கலந்தால் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். நேர்மின் பாலிமரான பாலிலைசின் கரைசலில், செல்கள் ஆற்றலுக்குப் பயன்படுத்தும் எதிர்மின் மூலக்கூறான ஏடிபியைச் சேர்த்துப் பாருங்கள். இரண்டுமே தெளிவான கரைசல்கள், சேர்ந்த நொடியில் வெள்ளையாகக் கலங்கிவிடும். அந்தக் கலங்கல் முழுவதும் சில மைக்ரான் அளவுள்ள உருண்டைத் துளிகள். மான் குழுவே 2011-இல் இப்படிச் செய்துகாட்டியது.

மின்கவர்ச்சி மட்டும் காரணம் இல்லை. மின்சுமை உள்ள ஒவ்வொரு சங்கிலியும் தன்னைச் சுற்றிச் சின்னச் சின்ன உப்பு அயனிகளைக் கட்டி வைத்திருக்கும். இரண்டு சங்கிலிகள் சேரும்போது அந்த அயனிகள் விடுபட்டுக் கரைசலெங்கும் பரவுகின்றன. அதனால் என்ட்ரோபி (ஒழுங்கின்மை) கூடுகிறது, அதுதான் இந்தச் சேர்க்கையைப் பெரும்பாலும் தள்ளுகிறது. கரைசலில் ஏற்கெனவே உப்பு நிறைய இருந்தால் விடுபடுவதில் லாபம் இல்லை, துளிகள் கரைந்துவிடும். உப்பைக் கூட்டிக் குறைத்தே துளியை வரவழைக்கலாம், போக்கலாம்.

ஆக, கரையாமல் இருப்பதற்குச் சவ்வு தேவையில்லை. ஆனால் ஒன்றோடொன்று சேராமல் இருப்பதற்குத் தேவை. துளிகளை அப்படியே விட்டுவிட்டால் மோதி, சேர்ந்து, பெரிதாகி, கடைசியில் குழாயின் அடியில் ஒரே அடுக்காகப் படிந்துவிடும். இந்தத் துறையின் பாதித் தலைவலி இதுதான்.

வரலாறு பழையது. இந்த நிகழ்வுக்குக் கோஅசர்வேஷன் என்று பெயர் வைத்து 1929-இல் எழுதியவர்கள் நெதர்லாந்தின் புங்கன்பெர்க் டி யோங், க்ரைட் இருவரும். உயிர் தோன்றிய கதையோடு அதை இணைத்தவர் சோவியத் உயிர்வேதியியலாளர் ஓபாரின். அவருடைய பிற்காலச் சோதனை ஒன்று எனக்கு மிகவும் பிடிக்கும். துளிக்குள் பாஸ்பாரிலேஸ் நொதியை வைத்து வெளியே குளுக்கோஸ்-1-பாஸ்பேட் சேர்த்தார். அது உள்ளே போய் ஸ்டார்ச் ஆனது, துளி பருத்தது. அமிலேஸ் நொதியையும் உடன் வைத்தபோது அந்த ஸ்டார்ச் உடைந்து மால்டோஸாக வெளியே வந்தது. சாப்பாடு உள்ளே, கழிவு வெளியே, நடுவில் வளர்ச்சி. எல்லாம் சவ்வே இல்லாமல்!

அப்புறம் இரட்டைச்சுருள் டிஎன்ஏ வந்தது, எல்லோருடைய கவனமும் மரபணுப் பக்கம் போனது, துளிகள் ஓரங்கட்டப்பட்டன. திருப்பம் வந்தது 2009-இல். பிராங்வின், ஹைமன் குழுவினர் ஜெர்மனியின் டிரெஸ்டனிலிருந்து சயன்ஸ் இதழில் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். சி. எலிகன்ஸ் என்ற புழுவின் கருவில் 'பி துகள்கள்' என்று சிலவற்றை வெகுகாலமாகத் தெரியும். அவை திடத் துகள்கள் இல்லை, திரவம் என்று காட்டினார்கள். உட்கருவின் மேல் வழிந்தன, சொட்டின, இரண்டு சேர்ந்து ஒன்றாயின. அதாவது நம் செல்களே சவ்வு இல்லாத துளிகளைத் தங்களுக்குள் வைத்து வேலை வாங்குகின்றன. 2011-இல் உட்கருவுக்குள் இருக்கும் உட்கருமணியும் திரவமாகவே நடந்துகொள்கிறது என்று காட்டினார்கள். இந்த வேலைக்காக இருவருக்கும் 2023-ஆம் ஆண்டுக்கான பிரேக்த்ரூ பரிசு கிடைத்தது. இன்று செயற்கை செல் கட்டுகிறவர்கள் துளியை மதிப்பதற்கு ஓபாரினைவிட இதுவே பெரிய காரணம் என்று நினைக்கிறேன்.

#3 வகுப்பறை விளக்கு

பள்ளியில் இதை நேரில் காட்டலாம், நான் காட்டியும் இருக்கிறேன். கடையில் கிடைக்கும் ஜெலட்டினை வெதுவெதுப்பான நீரில் 1 சதவீதக் கரைசலாக்க வேண்டும். அரபிக் கோந்திலும் அதேபோல் 1 சதவீதம். ஜெலட்டின் 5 மில்லி, கோந்து 3 மில்லி என்று ஒரு சோதனைக் குழாயில் கலந்து, மிக நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். அமிலத்தை நான்தான் விடுவேன், பிள்ளைகள் குழாயை மெதுவாக ஆட்டுவார்கள்.

முதல் சில சொட்டுகளில் ஒன்றும் நடக்காது. சொட்டு விழுந்த இடத்தில் மட்டும் ஒரு வெள்ளை இழை தோன்றி, ஆட்டியதும் மறையும். பிஎச் 4-ஐ நெருங்கும்போது அந்த வெள்ளை மறையாமல் குழாய் முழுவதும் பரவும். அதில் ஒரு சொட்டை எடுத்து நுண்ணோக்கியில் வைத்தால் பெரிதும் சிறிதுமாக உருண்டைகள். சிலவற்றுக்குள்ளே குமிழி மாதிரி வெற்றிடங்களும் இருக்கும். ஒன்றையொன்று தொட்ட இரண்டு துளிகள் முதலில் எட்டு வடிவில் ஒட்டிக்கொண்டு நிற்கும், பிறகு நடுவில் இருக்கும் இடுப்பு பருத்துக்கொண்டே வந்து ஒரே வட்டமாகிவிடும். அதைப் பார்த்ததும் பிள்ளைகள் கேட்கும் முதல் கேள்வி, "இது உயிரோடு இருக்கா மிஸ்?"

அமிலம் கூடிப்போனால் எல்லாம் மறைந்து கரைசல் மறுபடி தெளிந்துவிடும். அதற்குக் காரணம் என்ன என்று துளிநோக்கி சார் சொன்னால் அடுத்த வகுப்பில் சொல்லிக்கொடுப்பேன்.

#4 துளிநோக்கி

அருமையான செய்முறை டீச்சர். கோந்தின் எதிர்மின்சுமை அதிலுள்ள கார்பாக்சில் தொகுதிகளிலிருந்து வருகிறது. பிஎச் நடுநிலையில் இருக்கும்போது ஜெலட்டினுக்குப் போதிய நேர்மின்சுமை இல்லை. 4 பக்கம் வரும்போது ஜெலட்டின் நேர்மின், கோந்து எதிர்மின், அதனால் கூட்டு சேர்கிறது. இன்னும் அமிலம் விட்டால் அந்தக் கார்பாக்சில் தொகுதிகள் புரோட்டானை ஏற்று மின்சுமையை இழக்கின்றன. பிடித்துக்கொள்ள எதிர்த்தரப்பு இல்லை, துளி கலைகிறது.

இதே ஜெலட்டின்–கோந்து ஜோடிதான் 1950-களில் என்சிஆர் நிறுவனத்தின் கார்பன் இல்லாத நகல் தாளை உண்டாக்கியது. நிறமற்ற சாயத்தைக் கரைத்த எண்ணெய்த் துளிகளைச் சுற்றி இந்தக் கோஅசர்வேட்டைப் படியவைத்து இறுக்கினார்கள். பேனா அழுத்தும் இடத்தில் உறை உடைந்து சாயம் அடித்தாளில் இறங்கும். ரசீது புத்தகங்களில் பார்த்திருப்பீர்கள்.

#5 கல்வெட்டு

நல்ல விளக்கங்கள். ஆனால் நீலமணியின் மூன்றாவது கேள்வியைத் தாண்டிப் போகிறோம். என் பதில்: வெறும் துளி செல் ஆகாது. சவ்வு இல்லை என்பதற்காகச் சொல்லவில்லை. அதற்குத் 'தன்னுடையது' என்று எதுவும் இல்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

ஜாக் சோஸ்டாக்கைத் தெரிந்திருக்கும், 2009-இல் மருத்துவ நோபல் வாங்கியவர். அவருடைய குழு 2014-இல் ஒரு எளிய கேள்வி கேட்டது: ஒரு துளிக்குள் இருக்கும் ஆர்என்ஏ எவ்வளவு நேரம் அதே துளிக்குள் இருக்கும்? ஒளிரும் சாயம் ஏற்றிய ஆர்என்ஏவை வைத்துப் பார்த்தார்கள். அது வெகு வேகமாகத் துளிக்குத் துளி மாறிக்கொண்டே இருந்தது. மொத்த ஆர்என்ஏவில் பெரும்பகுதி எந்த நேரமும் துளிகளுக்குள்தான் இருக்கிறது, ஆனால் குறிப்பிட்ட ஒரு மூலக்கூறு குறிப்பிட்ட ஒரு துளியில் தங்குவதில்லை.

இது ஏன் முக்கியம் என்றால், பரிணாமம் நடக்க வேண்டுமானால் நன்றாக வேலை செய்யும் ஆர்என்ஏவின் பலன் அது இருக்கும் வீட்டுக்கே கிடைக்க வேண்டும். ஒரு துளியில் அருமையான ரிபோசைம் (நொதி போல வேலை செய்யும் ஆர்என்ஏ) ஒன்று தோன்றுகிறது என்று வையுங்கள். கொஞ்ச நேரத்தில் அது பக்கத்துத் துளிக்குப் போய்விடும். அங்கே ஒன்றுமே செய்யாமல் தன்னை நகலெடுக்க மட்டும் தெரிந்த ஒட்டுண்ணி ஆர்என்ஏவும் அதே பலனை அனுபவிக்கும். எல்லாத் துளியும் சராசரியாகிவிட்டால் தேர்ந்தெடுக்க இயற்கைக்கு எதுவும் மிச்சமில்லை. ஓபாரினின் ஸ்டார்ச் சோதனை அழகானதுதான், ஆனால் அந்தத் துளிக்கு வாரிசு இல்லை.

#6 நீலமணி

இது என் மண்டையில் இருந்த கேள்வியைவிடக் கூர்மையாக இருக்கிறது. அப்படியானால் லிப்போசோமே மேல் இல்லையா? அதில் உள்ளே இருப்பது உள்ளேயே இருக்குமே?

#7 துளிநோக்கி

இருக்கும், ஆனால் பட்டினியாக இருக்கும். இன்றைய செல்களில் காண்பது போன்ற பாஸ்போலிப்பிடு சவ்வு, ஏடிபி மாதிரி மின்சுமை உள்ள மூலக்கூறுகளை எளிதில் உள்ளே விடாது. இன்றைய செல்லுக்கு அதற்கென்று நூற்றுக்கணக்கான புரதக் கதவுகள் உண்டு. கையால் கட்டும் லிப்போசோமில் அந்தக் கதவுகளையும் நாமே பொருத்த வேண்டும். துளியிலோ கதவு என்ற பிரச்சினையே இல்லை, மின்சுமை உள்ளதைத் தானாகவே உள்ளே இழுத்துக்கொள்ளும்.

சேர்த்து வைப்பதால் வரும் பலனும் சின்னதில்லை. பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் கீட்டிங், பெவிலாக்வா குழுவினர் 2012-இல் பிஇஜி–டெக்ஸ்ட்ரான் என்ற இரண்டு பாலிமர்களால் பிரியும் திரவத்தில் ஹாம்மர்ஹெட் ரிபோசைமை வைத்துப் பார்த்தார்கள். அது மின்சுமையால் வரும் கோஅசர்வேட் இல்லை, ஆனால் அதே குடும்பம். ஆர்என்ஏ டெக்ஸ்ட்ரான் பகுதியில் போய்க் குவிந்தது, வினையின் வேகம் சுமார் 70 மடங்கு வரை ஏறியது. நீர்த்துப்போன தொடக்கக் காலக் கடலிலோ குளத்திலோ மூலக்கூறுகள் ஒன்றையொன்று சந்திப்பதே பெரிய பாடு. அந்த இடத்தில் துளிக்கு ஈடு லிப்போசோம் கிடையாது.

அதனால்தான் பலர் கலப்பு வழியில் போகிறார்கள். பிரிஸ்டலில் டோரா டாங், மான் முதலியோர் 2014-இல் கோஅசர்வேட்டைச் சுற்றிக் கொழுப்பு அமிலச் சவ்வு தானாகவே படிவதைக் காட்டினார்கள். நெதர்லாந்தின் ஐந்தோவனில் யான் வான் ஹெஸ்ட் குழு அமைலோஸிலிருந்து செய்த துளிகளுக்குப் பாலிமர் தோல் போர்த்தி, ஒன்றோடொன்று சேராமல் காப்பாற்றியது.

#8 பனங்காட்டான் (யாழ்ப்பாணம்)

கல்வெட்டு ஐயா எழுப்பின பிரச்சினைக்கு 2024-இல் ஒரு பதில் வந்திருக்கிறது, இங்கே ஒருவரும் இன்னும் சொல்லவில்லை. பதில் தந்தவர்களில் சோஸ்டாக்கும் ஒருவர் என்பதுதான் விசேஷம்.

ஹூஸ்டன், சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கோஅசர்வேட் துளிகளை அயனி நீக்கிய நீரில் இட்டுப் பார்த்தார்கள். சாதாரணமாக உப்புள்ள கரைசலில் வைத்திருப்பதைத் தூய நீருக்கு மாற்றினதும், துளியின் மேற்பரப்பில் இருந்த சிறு அயனிகள் வெளியே போய்விடுகின்றன. அப்போது மேற்பரப்பிலுள்ள சங்கிலிகள் ஒன்றையொன்று இன்னும் இறுக்கமாகப் பற்றிக்கொள்கின்றன. உள்ளே திரவம், மேலே பின்னப்பட்ட ஒரு தோல். அதற்குப் பிறகு துளிகள் ஒன்றோடொன்று சேரவில்லை. முன்பு நிமிடக் கணக்கில் பரிமாறப்பட்ட ஆர்என்ஏ இப்போது நாட்கணக்கில் அதே துளிக்குள் தங்கியது.

ஆதி பூமியில் அயனி இல்லாத நீருக்கு எங்கே போவது? மழை! ஹூஸ்டனில் பெய்த மழைநீரைப் பிடித்து அதிலும் செய்து பார்த்தார்கள், துளிகள் நிலைத்து நின்றன. கலமென்சவ்வு (செல் சவ்வு) வருவதற்கு முன்னமே ஒரு துளிக்குத் தன் எல்லையைக் காத்துக்கொள்ள வழி இருந்திருக்கலாம் என்பது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது. கலம் என்றால் முதலில் மென்சவ்வு என்று நாங்களும்தான் படித்தோம்.

#9 கல்வெட்டு

அந்தக் கட்டுரையை நானும் மதிக்கிறேன் பனங்காட்டான். ஆனால் அவர்கள் பயன்படுத்திய ஜோடியில் ஒன்று பிடிடிஏ–ஏடிபி. பிடிடிஏ இன்றைய தொழிற்சாலைப் பாலிமர், ஆதி பூமியில் இருந்திருக்க வாய்ப்பே இல்லை. அன்றைய மழையும் இன்றைய மழை இல்லை. காற்றில் கார்பன் டை ஆக்சைடு நிறைய இருந்தால் மழைநீர் இன்னும் அமிலமாக இருந்திருக்கும். 'வழி இருக்கிறது' என்று காட்டியது உண்மை, 'அப்படித்தான் நடந்தது' என்று யாரும் காட்டவில்லை.

#10 துளிநோக்கி

சரி, ஆனால் இங்கே இரண்டு விவாதங்கள் ஒன்றாகக் கலக்கின்றன. உயிர் எப்படித் தோன்றியது என்பது ஒன்று. இன்று ஆய்வகத்தில் செயற்கை செல்லைக் கட்டலாமா என்பது வேறொன்று. முதலாவதற்குப் பிடிடிஏ பெரிய குறை. இரண்டாவதற்கு அது ஒரு பொருட்டே இல்லை. நமக்கு எந்தப் பாலிமர் கைகொடுக்கிறதோ அதை எடுத்துக்கொள்ளலாம். நீலமணி கேட்டது இரண்டாவது கேள்வி.

அந்தக் கோணத்தில் என்னை உண்மையாகவே கவலைப்பட வைப்பது எல்லை அல்ல, பிரிதல். செல் வளர்ந்தால் இரண்டாகும். துளி வளர்ந்தால் இன்னும் பெரிதாகும், பக்கத்தில் இருக்கும் சின்னத் துளி கரைந்து அதன் சரக்கும் பெரியதிலேயே போய்ச் சேரும். பரப்பு இழுவிசை துளியை எப்போதும் சேர்வதை நோக்கித்தான் தள்ளும், பிரிவதை நோக்கி அல்ல. கோஅசர்வேட்டின் பரப்பு இழுவிசை தண்ணீர்–காற்றுப் பரப்பில் இருப்பதைவிட மிகமிகக் குறைவுதான், ஆனாலும் திசை அதேதான்.

இதற்குத் தப்பிக்கும் வழியை 2017-இல் டிரெஸ்டனின் ஸ்விக்கர், ஜூலிஷர், ஹைமன் முதலியோர் கணக்கில் காட்டினார்கள். துளி சும்மா இருக்கக் கூடாது, எரிபொருள் செலவழிக்க வேண்டும். துளியின் பொருள் உள்ளே தொடர்ந்து சிதைந்து கரையும் வடிவமாகி வெளியேறும். வெளியே எரிபொருளின் சக்தியால் அது மறுபடி துளிப்பொருளாகித் திரும்பும். வரவும் செலவும் ஓடிக்கொண்டிருக்கும்போது துளி ஒரு அளவில் நிற்கும். வரவு கூடினால் கோளம் நிலைகுலைந்து நீளும், நடுவில் ஒடுங்கும், இரண்டாகும். டீச்சரின் நுண்ணோக்கியில் தெரிந்த எட்டு வடிவம் இங்கே எதிர்த்திசையில் நடக்கிறது.

சோதனையில் அந்தப் பக்கம் எடுத்துவைத்த அடிகளில் மியூனிக்கில் புக்ஹோவன் குழு 2020-இல் செய்தது முக்கியம். ஒரு பெப்டைடு, ஓர் ஆர்என்ஏ. வேதி எரிபொருளைச் சேர்த்தால் பெப்டைடின் எதிர்மின்சுமை தற்காலிகமாக மறையும், உடனே ஆர்என்ஏவோடு சேர்ந்து துளியாகும். எரிபொருள் தீர்ந்ததும் தண்ணீரே அந்த மாற்றத்தை அழித்துவிடும். துளிக்குள் வெற்றிடங்கள் தோன்றும், துளி மறையும். சாப்பிட்டால் இருக்கும், சாப்பாடு நின்றால் போய்விடும். ஜெலட்டின் துளிக்கு இந்தத் தவிப்பே கிடையாது. எனக்கு உயிரின் வாசனை அடிப்பது இங்கேதான்.

#11 நீலமணி

அப்படியென்றால் பிரிஸ்டல் 2022 ஆய்வு இந்த வரிசையில் எங்கே நிற்கிறது? அதில் நான் வியந்தது இதுதான்: ஈ. கோலை பாக்டீரியா துளிக்குள் போனது, சூடோமோனாஸ் பாக்டீரியா துளியின் விளிம்பில் ஒட்டியது. பிறகு லைசோசைமும் மெலிட்டினும் விட்டு இரண்டையும் உடைத்தார்கள். சிதறிய சவ்வுத் துண்டுகள் துளியைச் சுற்றி ஓர் உறையாயின, உள்ளே நொதிகளும் டிஎன்ஏவும் தங்கின. டிஎன்ஏவை ஒரே இடத்தில் திரட்டி உட்கரு மாதிரி ஆக்கினார்கள், ஆக்டின் இழைகளால் உள்ளே ஒரு சட்டகம் வந்தது. கடைசியாக உயிருள்ள ஈ. கோலையை உள்ளே வைத்து ஏடிபி தயாரிக்கவிட்டபோது, இரண்டு நாளில் உருண்டை வடிவம் போய் அமீபா மாதிரி உருமாறியது.

#12 கல்வெட்டு

கைவேலை பிரமாதம். ஆனால் அதைக் 'கட்டினார்கள்' என்று சொல்வதைவிட 'மறுபடி அடுக்கினார்கள்' என்று சொல்வேன். நொதியும் டிஎன்ஏவும் சவ்வும் ஏற்கெனவே உயிரோடு இருந்ததிடமிருந்து வந்தவை. ஏடிபி கொடுப்பதும் உயிருள்ள பாக்டீரியாதான். கிரெய்க் வென்டரின் ஆய்வு நிறுவனம் உருவாக்கிய 2016-ஆம் ஆண்டு செல்லிலும் இதே நிலை: 473 மரபணுக்களை ஆய்வகத்தில் தொகுத்தார்கள், ஆனால் அதை இயக்க ஏற்கெனவே உயிருள்ள ஒரு பாக்டீரியாவின் உடல் தேவைப்பட்டது.

#13 பனங்காட்டான் (யாழ்ப்பாணம்)

கடன் வாங்கினதில் என்ன குறை என்று எனக்கு விளங்கவில்லை ஐயா. ஒரு பற்றீரியாவை உடைத்து, அதன் உள்ளே இருப்பதை ஒரு துளியில் போட்டால் நொதியங்கள் தொடர்ந்து வேலை செய்கின்றன, புரதம் கூட உருவாகிறது. அந்த ஒழுங்கு எவ்வளவு சிதைந்தாலும் வேலை நடக்கும் என்று தெரிந்ததே புதிய அறிவு. எந்த அளவுக்கு ஒழுங்கு இருந்தால் போதும் என்ற கேள்வியை இனி அளந்து பார்க்கலாம் அல்லவா?

#14 துளிநோக்கி

இந்த இடத்தில் நான் பனங்காட்டான் பக்கம். கடன் வாங்காமல் கட்டுகிறவர்களும் முழுக்கச் சுத்தம் இல்லை. புரதம் தயாரிக்கப் பலரும் நம்பியிருப்பது 2001-இல் ஜப்பானில் உருவான 'பியூர்' கலவையைத்தான், அதில் இருக்கும் ரைபோசோமும் ஈ. கோலையிலிருந்து பிரித்தெடுத்ததே.

கல்வெட்டு கேட்கும் வாரிசுக் கேள்வியை நானும் விடவில்லை. என்னைக் கேட்டால் இந்தத் துறை அடுத்துச் செய்ய வேண்டிய சோதனை இதுதான்: இரண்டு வகை ஆர்என்ஏ, இரண்டு கூட்டம் துளிகள், ஒரே பாத்திரம். ஒரு வகை ஆர்என்ஏ தன் துளிக்கு எரிபொருளைச் சேர்க்க உதவ வேண்டும், மற்றது உதவாது. மழைநீர் ஆய்வில் வந்தது போன்ற தோலால் இரண்டும் கலக்காமல் இருக்க வேண்டும், ஆனால் அந்தத் தோல் வளர்ச்சியையும் பிரிதலையும் தடுக்கவும் கூடாது. பல தலைமுறை கழித்து எந்தக் கூட்டம் அதிகம் என்று எண்ண வேண்டும். உதவும் ஆர்என்ஏ உள்ள கூட்டம் பெருகியிருந்தால் அந்தத் துளியை செல் என்று அழைக்க எனக்குத் தயக்கம் இருக்காது. இறுகிய தோல் இருந்தால் பிரிவது கஷ்டம், பிரியும்படி இளகியிருந்தால் ஆர்என்ஏ ஓடிவிடும். சிக்கல் முழுவதும் அந்த இடைவெளியில் இருக்கிறது.

#15 கல்வெட்டு

இந்த அளவுகோலை ஏற்கிறேன். அதில் தேறினால் சவ்வு இருக்கிறதா என்று கேட்கவே மாட்டேன்.

#16 வகுப்பறை விளக்கு

ஒரு நடைமுறைச் சந்தேகம். எங்கள் ஜெலட்டின்–கோந்துத் துளிகளைக் காய்ச்சி வடித்த நீரில் விட்டு, மழைநீர் ஆய்வு மாதிரி தோல் வருகிறதா என்று பிள்ளைகளோடு பார்க்கலாமா? ஒரு பகுதியில் நீலச் சாயம், இன்னொரு பகுதியில் சிவப்பு, இரண்டையும் கலந்து நிறம் கலக்கிறதா என்று பார்க்க நினைக்கிறேன்.

#17 துளிநோக்கி

செய்து பாருங்கள் டீச்சர், ஆனால் ஒரு சிக்கல் இருக்கிறது. உங்கள் துளி அமிலத்தை நம்பி நிற்பது. வெறும் நீரை ஊற்றினால் உப்பு குறைவதோடு அமிலமும் நீர்த்துப் பிஎச் மேலே ஏறும், துளி கரைந்துவிடலாம். அதனால் மூன்று குழாய் வையுங்கள். ஒன்றில் காய்ச்சி வடித்த நீர், இரண்டாவதில் அதே நீரோடு பிஎச் 4 வரும்வரை அமிலம், மூன்றாவதில் அந்த அமில நீரோடு கொஞ்சம் சமையல் உப்பு. மூன்றிலும் சூடு ஒரே அளவில், 40 டிகிரி பக்கம் இருக்கட்டும். ஆறவிட்டால் ஜெலட்டின் தானாகவே உறையும், அதைத் தோல் என்று பிள்ளைகள் எடுத்துக்கொள்வார்கள்.

சாயம் தேர்ந்தெடுப்பதிலும் கவனம் வேண்டும். சின்ன மூலக்கூறுச் சாயம் எந்தத் தோலையும் தாண்டி ஓடிவிடும், அதை வைத்து ஒன்றும் முடிவு செய்ய முடியாது. துளிகள் சேர்கின்றனவா என்பதை மட்டும் கணக்கெடுங்கள். ஒவ்வொரு குழாயிலிருந்தும் பத்து நிமிடத்துக்கு ஒரு சொட்டு, நுண்ணோக்கியில் ஒரே உருப்பெருக்கத்தில் துளிகளின் அளவு. முடிவு எப்படி வந்தாலும் இங்கே எழுதுங்கள்.